நீலத் துளையா, கறுப்புத் துளையா?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் 18 வெள்ளிக்கு ஒரு புளூடூத் டாங்கிள் வாங்கினேன், அதாவது கணினியில் குத்தினால் புளூடூத் தரும் குட்டிச் சாதனம். அன்று இரவே திட்டி எழுத உட்கார்ந்தேன். நல்ல வேளை, தூக்கம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டு மேசைக் கணினியில் புளூடூத் கிடையாது. ஒன்பது வயது மகன் விசைப்பலகையில் கார் ஓட்டியே டபிள்யூ பொத்தானைப் பெயர்த்துவிட்டான். டிவியில் மாட்டி விளையாடும் நிண்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால் மாலை ஏழுக்கு மேல் டிவி என் அம்மாவின் ஆட்சி. சரி, ஸ்விட்சின் இரு பக்கமும் கழற்றி மாட்டும் கன்ட்ரோலரான ஜாய்-கானையே கணினியோடு சேர்ப்போம் என்று கிளம்பினேன்.

டாங்கிளோடு ஒரு குட்டி சிடி வந்தது. அதைப் போட்டு ஓட்ட வீட்டில் சிடி டிரைவே இல்லை. விண்டோஸ் 10 தானே டாங்கிளைக் கண்டுகொண்டது. ஜாய்-கானைக் கழற்றினால், உள்பக்கத்தில் எஸ்எல், எஸ்ஆர் பொத்தான்களுக்கு நடுவே உளுந்து மாதிரி ஒரு சின்னப் பொத்தான். அழுத்திப் பிடித்தால் பச்சை விளக்குகள் ஓடும். விண்டோஸுக்கு இடதும் வலதும் தனித்தனிச் சாதனங்கள், ஆகவே இரண்டு முறை சேர்க்க வேண்டும். கணினி விளையாட்டுகளை வாங்கி விளையாடும் ஸ்டீம் செயலி 2022இலிருந்து ஜாய்-கானை ஏற்கிறது. இரண்டையும் ஒரே கன்ட்ரோலராக்கலாம், ஆளுக்கொன்றாகவும் பிரிக்கலாம்.

சேர்ந்தது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தொடர்பு அறுந்து கார் சுவரில் போய் முட்டியது. "அப்பா, இது ஓட்டை சாமான்" என்றான் மகன்.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரச் சீன ஆன்ட்டி டாங்கிளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பீரு கே ஹித்தாம்?" என்றார். நீல யுஎஸ்பி துளையில் குத்தினாயா, கறுப்பிலா என்று அர்த்தம். நீலம்தான், அதுவும் கணினிப் பெட்டியின் முதுகில் என்றேன். ஆன்ட்டி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நீலம் பெரும்பாலும் யுஎஸ்பி 3.0, அது கிளப்பும் இரைச்சல் புளூடூத் ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் போய் விழும். போதாததற்குக் குறுக்கே இரும்புப் பெட்டி. இழுப்பறையிலிருந்து அரை மீட்டர் நீட்டிப்பு வயர் ஒன்றை எடுத்துப் போட்டார். நாலு வெள்ளி.

இப்போது டாங்கிள் மேசைமேல் பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. மூன்று வாரமாக ஒருமுறைகூட அறுபடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. நிண்டெண்டோவில் ஏ பொத்தான் வலப்பக்கம், பி கீழே. கணினி விளையாட்டுகள் பழகிய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் அப்படியே தலைகீழ். மகன் 'சரி' என்று அழுத்த, விளையாட்டு வெளியே போய் நின்றது. ஸ்டீம் அமைப்பில் நிண்டெண்டோ வரிசையைத் தேர்ந்த பிறகுதான் அழுகை நின்றது. இன்னொன்று, சார்ஜ் ஏற்ற ஜாய்-கானை ஸ்விட்சில் மாட்டினால் அது பழைய முதலாளியிடமே போய்விடும். கணினியில் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். சனிக்கிழமை காலையில் பசியாறியதும் எனக்கு அதுதான் வேலை.

ஆக, டாங்கிள் 18, வயர் 4. டபிள்யூ பொத்தானையும் கேட்டுப் பார்த்தேன். தனியாக விற்பதில்லையாம், முழு விசைப்பலகையாக வாங்கிக்கொள் என்றார் ஆன்ட்டி.