சூமா, டீம்ஸா, மீட்டா? வாகரை முதல் பொத்துவில் வரை ஒரே கூட்டம்

எங்கள் தலைமை அலுவலகம் மட்டக்களப்பில். கள உத்தியோகத்தர்கள் வாகரையிலிருந்து பொத்துவில் வரை இருக்கிறார்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வேறு வழியின்றித் தொடங்கிய இணையவழிக் கூட்டத்தை நிரந்தரமாக்க நினைத்தபோது சூம், மைக்ரோசொஃப்ட் டீம்ஸ், கூகுள் மீட் ஆகிய மூன்று செயலிகளையும் பாவித்துப் பார்த்தோம். இப்போது கூகுள் மீட்டில் நிற்கிறோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

படம், குரல், திரைப் பகிர்வு மூன்றிலும் உண்டு. இலவசமாகப் பாவித்தால் சூம் கூட்டம் 40 நிமிடத்தில் முடியும், மற்ற இரண்டிலும் குழுக் கூட்டத்துக்கு 60 நிமிடம். எங்கள் கூட்டங்கள் இழுபடும் விதத்துக்கு 40 நிமிடம் ஒரு வரம் என்றே சொல்லலாம்.

முடிவைத் தீர்மானித்தது கடவுச்சொல். பேச்சும் கோப்பும் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று டீம்ஸில் எல்லோருக்கும் புதுக் கணக்குத் திறந்தோம். வாரத்தில் ஒரு நாள் திறக்கும் கணக்கின் கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? திங்கள் காலையானால் “சேர், உள்ளுக்குப் போக ஏலாம இருக்கு” என்று அழைப்புக்கு மேல் அழைப்பு. இரண்டு தடவை வெளியே நின்றவர் அடுத்த தடவை முயல்வதில்லை. ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.

சூமில் இந்தத் தொல்லை இல்லை. லிங்கும் பெயரும் போதும். ஆனால் அறிக்கைகள் பழையபடி வாட்ஸ்அப்பில் ‘பைனல்’, ‘பைனல் 2’ என்று வந்துகொண்டிருந்தன.

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கணக்கு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. கூட்டமும், அறிக்கையை நிரப்பும் கூகுள் ஷீட்ஸ் அட்டவணையும் அதே கணக்கில். காலெண்டரில் வாராந்தக் கூட்டமாகப் போட்டால் லிங்கும் மாறாது. ஷீட்டைத் திரையில் போட்டுத்தான் பேசுவோம். தன் பிரிவுக்கு நேரே கட்டம் வெறுமையாக இருப்பதை எல்லோரும் பார்ப்பது யாருக்குப் பிடிக்கும்? பயிற்சி வகுப்புகளை விட அதுதான் ஆட்களைப் பழக்கியது. ஒன்று மட்டும்: போன் கடைக்காரரோ மகனோ திறந்து கொடுத்த கணக்காக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். மூத்த உத்தியோகத்தர் ஒருவர் சில வாரம் ‘கிங் பாய்’ என்ற பெயரில்தான் கூட்டத்துக்கு வந்தார்.

சிக்னல் மெலிந்த இடத்தில் சூம் கொஞ்சம் அதிகமாகத் தாக்குப்பிடித்தது போலத் தோன்றியது, அளந்து பார்த்துச் சொல்லவில்லை. மீட்டில் அப்படியானவர்கள் படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் வருகிறார்கள். நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவர்கள், மைக்ரோசொஃப்ட் சேவைக்கு ஏற்கெனவே காசு கட்டும் அலுவலகம் என்றால் டீம்ஸ்தான் சரியாக இருக்கக்கூடும். நான் சொல்வது போனோடு வெளியில் திரிகிறவர்களின் கதை.

அப்புறம், எதை எடுத்தாலும் ஒரே அறையில் இருவர் இருந்தால் ஒரு போனில் மட்டும் மைக்கையும் ஸ்பீக்கரையும் திறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழும் கீச்சொலியில் கூட்டமே நடக்காது.