வருஷக் கடைசி நன்றி மெயில் எழுதப் போய் பார்லிமென்ட்ல மாட்டிக்கிட்டேன்: ஹன்சார்ட் தளங்கள் ஒரு ரிவ்யூ

டிசம்பர் வந்தாலே ஆபீஸ்ல ஒரு வேலை என் தலையில வந்து விழும், அதான் வருஷக் கடைசி நன்றி மெயில். மேனேஜர் பேர்ல போகும், எழுதறது நான். மூணு வருஷமா ஒரே மெயில்தான், வருஷத்த மட்டும் மாத்திட்டு அனுப்பிடுவேன், ஒருத்தரும் கண்டுபிடிக்கல (ஒருத்தரும் படிக்கலங்கறதுதான் நெஜம்). இந்த தடவையாவது உருப்படியா எழுதலாம்னு மாடல் தேடப் போனேன், பார்லிமென்ட் சபைக் குறிப்பு தளங்கள்ல போய் விழுந்து ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. போன தூக்கத்துக்கு பதிலா இந்த ரிவ்யூவாச்சும் மிஞ்சட்டும்.

தெரியாதவங்களுக்கு: சபையில யார் என்ன பேசினாலும் எழுதி வைக்கற பதிவுக்கு பேர்தான் ஹன்சார்ட். பிரிட்டன்ல 1803 வாக்குல வில்லியம் காபெட்ங்கற பத்திரிகைக்காரர் ஆரம்பிச்சது, 1812ல அவர் கையில காசு இல்லாம அச்சடிச்சுக்கிட்டு இருந்த தாமஸ் கர்சன் ஹன்சார்ட் கிட்ட வித்துட்டார், 1909ல இருந்து சபையே சொந்த ஆள் வச்சு எழுதுது, ஆனா அச்சுக்காரர் பேர் மட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு. ஆஸ்திரேலியா, கனடான்னு பல நாட்டுலயும் அதே பேர்தான். எல்லாமே ஃப்ரீ, லாகின் கூட கேக்கல.

எனக்கு ரொம்ப புடிச்சது ஆஸ்திரேலியா. வருஷத்தோட கடைசி அமர்வு நாள்ல பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் எழுந்து வாழ்த்து சொல்லி நன்றி சொல்றது அங்க வழக்கம், மேல்சபையான செனட்லயும் தனியா நடக்கும். காலையில வரைக்கும் கிழிகிழின்னு கிழிச்சுக்கிட்ட ஆளுங்க சாயங்காலம் ஒருத்தர் குடும்பத்த ஒருத்தர் விசாரிக்கறத பார்த்தா முதல்ல சிரிப்புதான் வருது, இதெல்லாம் நடிப்புன்னு மூட பாத்தேன், ஆனா லிஸ்ட் ஆரம்பிச்சதும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். சபாநாயகர், கிளார்க்குன்னு (குமாஸ்தா இல்ல, சபை ஊழியர்களுக்கெல்லாம் தலைமை அதிகாரி) மேல இருந்து ஆரம்பிச்சு சேம்பர்ல தண்ணி வைக்கற அட்டெண்டன்ட், செக்யூரிட்டி, லைப்ரரி, க்ளீனர், தோட்டம் பாக்கறவங்க, காம்கார் டிரைவர்னு கீழ வரைக்கும் இறங்கி வருது. காம்கார்ங்கறது எம்பிக்கள கூட்டிட்டுப் போற அரசாங்க கார் சர்வீஸ். ராத்திரி சபை முடிஞ்சு வர்ற மனுஷன் எந்த மூட்ல இருக்கான்னு பொண்டாட்டிக்கு முன்னாடி டிரைவருக்குத்தானே தெரியும், அதனாலயோ என்னவோ அவங்களுக்கு சொல்ற நன்றியில மட்டும் கொஞ்சம் உசுரு இருக்கற மாதிரி பட்டுச்சு.

வீடியோவும் வச்சு பாருங்க, எழுத்துல கிடைக்காத ஒண்ணு அதுல இருக்கு. கிளார்க்குக்கு நன்றி சொல்றப்போ கிளார்க் அங்கயேதான் இருக்காங்க, சபாநாயகருக்கு நேர் முன்னாடி மேஜையில. ஆனா சபையில பேசற உரிமை உறுப்பினருக்கு மட்டும்தானே, அதனால பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நான் பார்த்த ஒண்ணுல அந்தம்மா குனிஞ்சு ஏற்கனவே நேரா இருந்த பேப்பர மறுபடி நேராக்கினாங்க. அவ்வளவுதான். நாலு தடவை ரீவைண்ட் பண்ணி பாத்தேன்.

அத விட ஒரு கூத்து, ஹன்சார்ட் ஊழியர்களுக்கு நன்றின்னு ஒருத்தர் சொன்னா அத டைப் பண்றதும் அதே ஹன்சார்ட் ஊழியர்தான். கனடா மாதிரி ரெண்டு மொழி சபையில இன்னும் மோசம், கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கற மொழிபெயர்ப்பாளர் 'நம்ம மொழிபெயர்ப்பாளர்களுக்கு என் மனமார்ந்த நன்றி'ன்னு தன் வாயாலயே சொல்லி ஆகணும், அதுவும் எம்பியோட குரல் ஏத்த இறக்கத்தோட. மேனேஜர் பேர்ல நன்றி மெயில் எழுதறப்போ லிஸ்ட்ல என் பேர போடறதா வேணாமான்னு வருஷா வருஷம் தவிக்கற எனக்கு இது நல்லாவே புரிஞ்சுது. நான் போட மாட்டேன். அவங்களுக்கு அந்த சாய்ஸ் இல்ல. சும்மா ஒண்ணும் அந்த நன்றி இல்ல, 2020க்கு அப்புறம் ஆன்லைன்ல கூட்டம் நடந்தப்போ வீடியோ கால் சத்தத்தாலயே காது பாதிக்கப்பட்டவங்க கனடா மொழிபெயர்ப்பாளர்கள்ல இருக்காங்க.

அப்புறம் அதே கனடாவுல பேஜ்னு சின்னப் பசங்க, யூனிவர்சிட்டி முதல் வருஷம் படிக்கறவங்க, 1978ல இருந்து இந்த ஏற்பாடு இருக்கு. சபையில தண்ணி, பேப்பர் எடுத்துக் குடுத்துக்கிட்டு ஓடுவாங்க. அவங்களுக்கும் லிஸ்ட்ல இடம் உண்டு.

பிரிட்டன் கொஞ்சம் வேற ரகம். லீவுக்கு முன்னாடி ஒரு விவாதம் வைப்பாங்க, யாரு வேணா எத வேணா பேசலாம், கூடவே ஊழியர்களுக்கு வாழ்த்தும் நன்றியும். டேவிட் ஏமஸ்னு ஒரு எம்பி இந்த விவாதத்துல மூச்சு விடாம தொகுதி கோரிக்கை எல்லாத்தையும் அடுக்குவாராம், முடிவுல தன் தொகுதி ஊரான சவுத்எண்டுக்கு 'நகரம்'ங்கற அந்தஸ்த குடுங்கன்னு முடிப்பாராம். 2021 அக்டோபர்ல அவர கொன்னுட்டாங்க, கோடை லீவுக்கு முன்னாடி நடக்கற விவாதத்துக்கு அவர் பேரையே வச்சுட்டாங்க, சவுத்எண்டும் 2022ல நகரம் ஆயிடுச்சு. பழைய பேச்சு ஒண்ண எடுத்து படிச்சேன், பத்து வரிக்குள்ள பத்து விஷயத்துக்கு தாவறாரு.

லோக்சபா பக்கம் வந்தா சபாநாயகரே கூட்டத்தொடர் முடியறப்போ ஒரு உரை படிப்பார், எத்தனை அமர்வு, எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எத்தனை மசோதா, அப்புறம் பிரதமர், கட்சித் தலைவர்கள், பத்திரிகைக்காரங்க, செயலக ஊழியர்னு நன்றி, வந்தே மாதரம், முடிஞ்சுது. இது நன்றியா ஆடிட் ரிப்போர்ட்டான்னு தோணுச்சு, டிரைவரெல்லாம் தனியா கண்ணுல படல. ஆனா குளிர்காலக் கூட்டத்தொடர்ல டிசம்பர் 13க்கு வேற கனம். 2001ல அந்த நாள் நடந்த தாக்குதல்ல செத்தவங்க காவல்காரங்க, பார்லிமென்ட்டோட சொந்த பாதுகாப்புப் பிரிவான வாட்ச் அண்ட் வார்ட் ஊழியர், ஒரு தோட்டக்காரர். உள்ள இருந்த எம்பிக்கள்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. வருஷா வருஷம் அன்னிக்கு பூ போட்டு நிக்கறாங்க. அந்த பக்கத்த படிச்சதுக்கு அப்புறம் அன்னிக்கு மெயில் எழுத ஓடல.

சரி, குறை. தேடல் பெட்டி. பேர் வேணாம், ஒரு சபையோட தளத்துல 'நன்றி'க்கான வார்த்தைய போட்டு தேடினா பல்லாயிரம் ரிசல்ட், ஏன்னா பார்லிமென்ட்ல ஒருத்தன திட்டறதுக்கு முன்னாடியும் நன்றி சொல்லித்தான் எழுந்திருக்கறாங்க! இன்னொண்ணுல ஆட்டோ கேப்ஷன் வேற ஏதோ மொழி பேசிச்சு. வேற ஒண்ணுல வீடியோ நடுவுல தாவினா முதல்ல இருந்து ஓட ஆரம்பிச்சுடும், ஏழு மணி நேர வீடியோ, நினைச்சுப் பாருங்க.

அப்புறம் பேச்சுகளோட தரமும் ஏத்த இறக்கம்தான், அது தளத்தோட தப்பு இல்ல. ஹன்சார்ட்ல ஒரே விஷயத்த திரும்பத் திரும்ப சொன்னா வெட்டிடலாம்னு ஒரு வழக்கம் உண்டு, இந்த நன்றி உரைகள்ல அப்படி வெட்டினா பாதிக்கு மேல காலி. 'அயராத உழைப்பு' எத்தனை தடவைன்னு எண்ண ஆரம்பிச்சு விட்டுட்டேன். எண்ணினப்போதான் என்னோட மூணு வருஷ மெயில்லயும் அது இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், போன ஒண்ணு தேடல் பெட்டிக்கு. போய் பாக்கறவங்க வார்த்தைய போட்டு தேடாதீங்க, வருஷத்தோட கடைசி அமர்வு தேதி எதுன்னு காலண்டர்ல எடுத்துட்டு அந்த நாளோட பின்பக்கத்துல இருந்து மேல ஸ்க்ரோல் பண்ணுங்க, சீக்கிரம் மாட்டும். எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள மெயில் போகணும். இப்போதைக்கு ஒரே ஒரு வரிதான் தேறியிருக்கு, மார்ச்ல சர்வர் படுத்தப்போ ராத்திரி மூணு மணிக்கு கதவ திறந்து விட்ட செக்யூரிட்டி அண்ணனுக்குன்னு. அவர் பேர் என்னன்னு நாளைக்கு கேக்கணும்.