அம்பையில் மகள், வீடியோவில் மருத்துவர்

பெருமூளை வாதமும் (செரிபிரல் பால்சி) வலிப்பும் உள்ள குழந்தையை வெளிநாட்டிலிருந்து இந்தியாவில் உள்ள ஊருக்குக் கூட்டிப்போகத் தயங்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகக் கூட்டிப்போகலாம். ஆனால் போய் இறங்கிய வாரமே ஒரு மருத்துவரை நேரில் பார்த்துவிடுங்கள். வீடியோவில் மருத்துவரிடம் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் மகளுக்கு ஒன்பது வயது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் சாப்பாடும் மருந்தும். நாங்கள் நாட்டுக்கு வெளியே இருக்கும்போது வீடியோவில் பார்க்க இயலாது என்று டொராண்டோ மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இந்தியாவில் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலும் அங்கே பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானது. அதன்படி, நேரில் பார்த்த மருத்துவரே அதே நோய்க்கு 6 மாதத்துக்குள் வீடியோவில் பார்த்தால் அது தொடர் சிகிச்சை. முன்பின் பார்க்காத குழந்தைக்கு எழுதித்தர முடியாத சில மருந்துகளை அப்போது எழுதித்தரலாம். 16 வயது அல்லது அதற்குக் கீழ் என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

அதனால் திருநெல்வேலியில் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் முதலில் நேரில் போனோம். நோய் விவரம், மருந்துகளின் வேதிப்பெயர், அளவு, ஒவ்வாமை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனது பெரிய உதவி. கனடா மருந்தின் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

பிறகு அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டிலிருந்தே அவரிடம் வீடியோவில் பேசினோம். சக்கர நாற்காலி, சளி உறிஞ்சும் கருவி, உணவுப் பம்பு எல்லாவற்றையும் காரில் ஏற்றி இறக்கினால் அன்று இரவு அவளுக்குத் தூக்கமே வராது. அந்த அலைச்சல் இல்லாததே பாதி மருந்து. வலிப்பு வந்தபோது செல்பேசியில் எடுத்த வீடியோவை முன்பே அனுப்பியிருந்தோம். மருத்துவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். எடை கேட்டார், ஏனென்றால் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, என் எடையைக் கழித்துச் சொன்னேன். மூச்சைப் பார்க்கச் சட்டையை விலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் நெஞ்சைக் காட்டச் சொன்னார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கருவியின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்றார். விரல் குளிர்ந்திருந்தாலோ குழந்தை அசைந்தாலோ அது தவறாகக் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வீடியோவில் நடந்த பிசியோதெரபிதான். "நீங்க வழக்கமா தூக்குற மாதிரியே தூக்குங்கம்மா" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு பிசியோதெரபிஸ்ட் பெண் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார வைத்ததும் கால்கள் அந்தரத்தில் தொங்குவதைக் கண்டுபிடித்து, அடியில் ஒரு முக்காலி போடச் சொன்னார். போட்டதும் மகளின் தலை நிமிர்ந்தது. மருத்துவமனை நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது.

சாதாரணக் காய்ச்சலுக்கு அரசின் இ-சஞ்சீவனி என்ற வீடியோ மருத்துவச் சேவை நன்றாகவே உதவியது. கட்டணம் இல்லை, செல்பேசி எண்ணுக்கு வரும் ஓடிபி போதும், மருந்துச் சீட்டும் செல்பேசியிலேயே வந்துவிடுகிறது. ஆனால் அழைக்கும்போது யார் வருவார் என்று தெரியாது. இப்படிப்பட்ட குழந்தையின் கதையைப் புதியவரிடம் முதலிலிருந்து சொல்லவே பெரும்பாலான நேரம் போய்விடும். வலிப்புக்கு அதை நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

5 நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு, நீலம் பாயும் உதடு, மூச்சுத் திணறல் என்றால் எந்த வீடியோவும் வேண்டாம். உடனே 108.

கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும், அதனால் மொபைல் டேட்டா எப்போதும் இருக்கட்டும். மருந்துக்கடை ஒன்றில் செல்பேசியில் காட்டிய சீட்டை ஏற்க மறுத்தார்கள். மருத்துவரின் பதிவெண் தெரியும்படி அச்செடுத்துக் கொடுத்ததும் தந்தார்கள். எல்லாச் சீட்டையும் அச்செடுத்து வைத்திருந்ததால் டொராண்டோ திரும்பியதும் அப்படியே எங்கள் மருத்துவரிடம் கொடுத்தோம். படித்துவிட்டு, திருநெல்வேலியில் மாற்றிய அளவையே தொடரச் சொன்னார்.