மாலியா, போரான் நைட்ரைடா, வெறும் குண்டே போதுமா?

ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டா உறைகளில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் ஏற்றுகிற வேலை, செய்கிறவர்களிடம் குண்டுக்கு உலர் மசகுப் பூச்சு என்று பேச்செடுத்தால் போதும், எது அதிகமாக வழுக்கும் என்று சண்டை தொடங்கிவிடும். என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். பேரலுக்குள் (துப்பாக்கிக் குழாய்க்குள்) என்ன தங்குகிறது, பேரலைத் துடைத்த பிறகு முதல் குண்டு எங்கே போய்ப் படுகிறது, இந்த இரண்டையும் பார்த்துத்தான் தேர்வு செய்யவேண்டும்.

மாலி, அதாவது மாலிப்டினம் டைசல்பைடு, 1990களில் இலக்குச் சுடுநர்களிடையே பெரிய மோகமாக இருந்தது. விலை குறைவு, ஒட்டுவதும் எளிது. பிசுக்கு நீக்கிய குண்டுகளைத் தூளோடும் எஃகு மணிகளோடும் ஒரு டப்பாவில் போட்டு, உருட்டிக் குலுக்கும் இயந்திரமான டம்ப்ளரில் சில மணி நேரம் ஓடவிட்டால், மணிகள் இடித்து இடித்தே தூளைக் குண்டின் செம்பு உறைமேல் அப்பிவிடும். எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் மட்டும் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். ஆனால் கை, மேசை, தோட்டாவை வடிவமைக்கும் அச்சு (டை), அதைப் பொருத்தும் ரீலோடிங் பிரஸ் என்று தொட்டதெல்லாம் கறுப்பாகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், கந்தக விஷயம்தான் உறுத்துகிறது. மாலியில் கந்தகம் உண்டு, ஈரமும் காற்றும் சேர்ந்தால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலம் உருவாகும், அதனால் சுட்டுவிட்டுத் துடைக்காமல் ஈரப்பதமான இடத்தில் துப்பாக்கியை வைத்துவிடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது.

ஹெக்சகனல் போரான் நைட்ரைடு வெள்ளைத் தூள், கிராஃபைட் மாதிரியே அடுக்கடுக்கான அமைப்பு. இதில் கந்தகமே கிடையாது. மாலி காற்றில் சுமார் 350 டிகிரி செல்சியஸ் தாண்டினால் சிதையத் தொடங்கும், இது 900 டிகிரி வரைக்கும் அசைந்துகொடுக்காது. கையில் கறை இல்லை. தொல்லை என்னவென்றால், பூச்சு ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, விரலில் உருட்டிப் பார்த்து வழுக்குவதை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும். பலர் இதை ஆல்கஹாலில் கலந்து பேரலுக்குள்ளும் தடவிவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. சுத்தமான பேரலில் பூச்சுக் குண்டு போட்டால் உள்ளே ஒரு படலம் படிந்து நிலைக்கும்வரை வேகமும் படும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். முன்கூட்டியே தடவிவிட்டால் அந்த அலைச்சல் குறையும்.

டங்ஸ்டன் டைசல்பைடு மாலியின் விலையுயர்ந்த அண்ணன், அவ்வளவுதான். சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், கந்தகம் இதிலும் உண்டு.

எதைப் பூசினாலும் ஒன்று நடக்கும். உராய்வு குறைவதால் குண்டு பேரலுக்குள் சுலபமாக நகரும், அழுத்தம் இறங்கும், வேகமும் இறங்கும். உடனே விட்ட வேகத்தைப் பிடிக்க வெடிமருந்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள், அதற்கும் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபை வைத்துக்கொண்டு குறைந்த அளவிலிருந்து படிப்படியாகத்தான் ஏறவேண்டும். ஆபத்து அதற்கு அப்புறம்தான் வருகிறது: அப்படிக் கூட்டிய அளவை மறதியாகப் பூச்சில்லாத குண்டுக்குப் போட்டால் அழுத்தம் வரம்பைத் தாண்டிவிடும். போரான் நைட்ரைடில் இது இன்னும் சுலபமாக நடக்கும், ஏனென்றால் பூசியதும் பூசாததும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் பெட்டிமேல் எழுதி ஒட்டாமல் மேசையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

பேரல் ஆயுள் கூடும் என்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. தொண்டைப் பகுதி, அதாவது குண்டு பேரலுக்குள் நுழைகிற இடம், அரிப்பதற்கு முக்கியக் காரணம் கொதிக்கிற வாயுதான், குண்டின் உராய்வு அல்ல. செம்புப் படிவு குறையும், அது உண்மை. நடுவில் துடைக்காமல் நீளமாகச் சுடுகிற போட்டியாளருக்கு அது பெரிய லாபம், அவர் போரான் நைட்ரைடு பக்கம் போகலாம்.

வேட்டைக்குப் போகிறவர் கதை வேறு. அவருக்கு முக்கியம் குளிர்ந்த பேரலிலிருந்து வரும் முதல் குண்டு, அதிலும் பெரும்பாலும் துடைத்து வைத்த பேரல். அங்கே பூச்சு உதவுவதைவிடக் குழப்புவதுதான் அதிகம். வெறும் குண்டே போதும். நெடுநாள் சேமித்து வைக்கும் தோட்டாக்களில் குண்டு கேஸின் (தோட்டா உறையின்) கழுத்தோடு ஒட்டிக்கொள்ளுமே என்று பயந்தால், கேஸ் கழுத்தின் உள்பக்கம் மட்டும் உலர் கிராஃபைட் தொட்டுக்கொள்ளுங்கள், பேரல் பழையபடியே இருக்கும்.