டோசே பாரெஸா, பாலின்டவாக்கா?

பிலிப்பைன்ஸ் கம்புச் சண்டையான அர்னிஸை 2009இல் அந்நாடு தன் தேசியத் தற்காப்புக் கலையாகச் சட்டம் போட்டு அறிவித்தது. கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பினால் முதல் குழப்பம், எந்தப் பள்ளியில் சேர்வது என்பதுதான். செபு நகரத்தில் பிறந்த டோசே பாரெஸ், பாலின்டவாக் என்ற இரண்டு பள்ளிகளில் நான் பாலின்டவாக்கைத் தேர்ந்தெடுத்தவன். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

இரண்டிலும் ஏறக்குறைய 28 அங்குலப் பிரம்புதான், எண் வரிசையில் 12 வகைக் கம்படிகள்தான். அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

டோசே பாரெஸ் மூத்தது. 1932இல் சாவேத்ரா, கன்யெத்தே குடும்பத்தார் முன்னின்று தொடங்கினார்கள். ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, ஒரு கையில் வாளும் மறுகையில் குத்துவாளுமாக ஆடும் எஸ்பாதா இ தாகா என்று எல்லாம் உண்டு. ககோய் கன்யெத்தே பிற்பாடு ஜூடோ, ஐகிடோ பிடிகளையும் சேர்த்தார். விரிந்த பாடத்திட்டம் வேண்டுமென்றால் இதுதான்.

அங்கிருந்து பிரிந்த வெனான்சியோ பேக்கன் 1952இல் பாலின்டவாக் தெருவில், ஒரு கடிகாரக் கடையின் பின்புறம் தன் ஆட்களுக்குக் கற்றுத்தரத் தொடங்கினார். ஒற்றைக் கம்பு மட்டும் போதும் என்பது அவர் கொள்கை.

என்னை இழுத்தது இடது கை. குத்துவாளைக் கீழே வைத்துவிட்டால் அந்தக் கை என்ன செய்யும்? பேக்கன் அதைச் சும்மா விடவில்லை. எதிராளியின் மணிக்கட்டை, முழங்கையை, கம்பைத் தட்டிவிடவும் அமுக்கிப் பிடிக்கவும் வைத்தார். கைக்கு எட்ட வேண்டுமானால் நெருங்கித்தானே நிற்க வேண்டும்? அப்படி நெருங்கியதும் அகலமாக வீசும் அடிகளுக்கு இடமில்லை. அடி குறுகியது, அதன் பலம் இடுப்புத் திருப்பத்திலிருந்து வந்தது. ஒரு கையின் வேலை மாறியதும் மொத்த ஆட்டமே மாறிவிட்டது.

பயிற்சியும் அதற்கேற்றதுதான். ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர். அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று தெரியாது. பேக்கனின் மாணவர்களான ஹோசே வில்யாசின், தியோஃபிலோ வேலெஸ் ஆகியோர் பிறகு இதைப் பாடத் தொகுதிகளாக அடுக்கினார்கள். பழைய தீவிரம் போய்விட்டது என்று சிலர் முணுமுணுப்பார்கள். என்னைப் போன்ற மந்தமானவர்களுக்கு அது வரம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். எதிரே இருப்பது போலோ என்கிற கூரான வெட்டுக்கத்தி என்றால், கம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தால் விரல்கள் போய்விடும். அந்த எச்சரிக்கை குத்துவாள் பயிற்சியில் தானாக வந்துவிடும். அந்த விஷயத்தில் டோசே பாரெஸ்தான் ஒரு படி மேல். போட்டிகளைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல மாட்டேன், களத்தில் இறங்கியதில்லை. ஆனால் கவசம் போட்டு ஆடுபவர்கள் தடுப்பதை மறந்து அடித்துக்கொண்டே போவதைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கும்.

அப்புறம், பாலின்டவாக்குக்கு நல்ல ஜோடி அவசியம். ஊரில் ஆள் கிடைக்கவில்லையா, டோசே பாரெஸில் சேர்ந்து இரட்டைக் கம்பிலிருந்து தொடங்குங்கள். அதைத் தனியாகவே மணிக்கணக்கில் சுற்றிப் பழகலாம்.