காது டாக்டரம்மா கிளினிக், கோயமுத்தூர்

சோமனூர்ல தறி ஓட்டுறேனுங்க. இடது காதுல இரைச்சல் வந்தப்ப, தறிச் சத்தந்தான்னு விட்டுட்டேன். தை மாசம் பாவு பிணைக்கையில தறிக்கூடமே சுத்திருச்சு, வாந்தி வேற. முதல்ல போன இடத்துல பித்தம்னு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க.

இங்க காது சோதனை எடுத்து, மெனியர் நோய்னு சொன்னாங்க. தாள்ல கோடு, தாழ்ந்த ஓசையைக் காட்டுற இடது ஓரத்துல சரிஞ்சு கெடந்துது. தாழ்ந்த ஓசைதான் முதல்ல போகுமாம். டாக்டரம்மா நத்தைக்கூடு மாதிரி வரைஞ்சு காட்டுனாங்க: உள்காதுல எண்டோலிம்ஃப் நீர் தேங்கி, ரெய்ஸ்னர்ங்கிற மெல்லிசு சவ்வு பலூனாட்டம் உப்புது. அது கிழிஞ்சு, பொட்டாசியம் நிறைஞ்ச நீர் பக்கத்து நீரோட கலந்தா, நரம்பு தடுமாறி தலை சுத்துதுங்கிறாங்க. அடிக்கடி வந்தா ஓசையை உணர்ற மயிர்ச்செல்லு அழிஞ்சு காது கேக்குறது குறையும். 1861லயே பிரான்சு டாக்டர் மெனியர் இது காதுக் கோளாறுன்னு சொல்லிட்டாராம்! உப்பைக் குறைக்க ஊறுகாய், அப்பளம் நிறுத்தியாச்சு. ரெண்டு மணி நேரம் காத்திருக்கோணும், ஆனா தாராளமா போலாமுங்க.