தமிழ் ரப்பர் ஸ்டாம்பும் மையும் வாங்கப் போய் 7,450 ரூபாய் போனது: அட்டை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இன்று காலையில், ஸ்டாம்பும் மையும் விற்ற அந்த விற்பனைப் பக்கம் என்னைத் தடை செய்துவிட்டது. நேற்று இரவு வரை "பார்த்துச் சொல்கிறோம் மேடம்" என்று இருந்த இடத்தில் இப்போது வெறும் சாம்பல் வட்டம். போனது 7,450 ரூபாய். கோபம் ஆறிய பிறகு எழுதினால் நாகரிகமாக எழுதிவிடுவேன், அதனால் யாருக்கும் பயனில்லை. ஆகவே இப்போதே எழுதுகிறேன். இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் திருச்சியில் வீட்டிலிருந்தபடியே கையால் வாழ்த்து அட்டைகள் செய்து விற்கிறேன். பிறந்தநாள், சீமந்தம், பணி ஓய்வு என்று வரும். பொங்கல் அட்டையைத் தபாலில் அனுப்பும் வழக்கம் கைப்பேசி வந்ததும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இந்த முறை ஒரு வாடிக்கையாளர் தன் அலுவலகத்துக்கு 100 பொங்கல் அட்டைகள் கேட்டார். ஒன்று 60 ரூபாய். பின்புலத்தில் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, ஆரஞ்சிலிருந்து சிவப்பு என்று விடியல் வானம்போல் மை கலக்க வேண்டும். அதன்மேல் கருப்பில் பானையும் கரும்பும். கீழே தமிழில் வாழ்த்து.

இந்தப் பின்புலத்தை எந்த மையிலும் செய்துவிட முடியாது. பஞ்சாலோ மென்மையான பிரஷ்ஷாலோ வட்டமாகத் தேய்க்கும்போது மை உடனே தாளில் ஊறிக் கறையாகிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் ஈரமாக இருந்து பக்கத்து நிறத்தோடு கலக்க வேண்டும். அமெரிக்காவின் ரேஞ்சர் நிறுவனம் தயாரிக்கும் டிஸ்ட்ரெஸ் ஆக்சைடு அப்படிப்பட்டது. சாய மையும் நிறமி மையும் சேர்ந்தது. தேய்த்து முடித்து மேலே தண்ணீர் தெளித்தால், துளி விழுந்த இடமெல்லாம் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளிறும். அந்த வெளிறல்தான் அதன் அடையாளம், அழகும்கூட. இங்கே எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைப்பதில்லை, இணையத்தில்தான் வாங்க வேண்டும்.

ஸ்டாம்ப் இன்னொரு தலைவலி. நீதிமன்றம், பதிவாளர் அலுவலகம் பக்கம் போனால் ரப்பர் ஸ்டாம்ப் கடைகளுக்குக் குறைவில்லை. காலையில் கொடுத்தால் மாலையில் சீல் கையில் இருக்கும். ஆனால் அது அலுவலக எழுத்து. எனக்கு வேண்டியது என் கையெழுத்திலேயே வரைந்த 'பொங்கல் நல்வாழ்த்துகள்'. மெல்லிய கோடுகள் உடையாமல் வர வேண்டும். அதைச் செய்து தருவதாகச் சொன்ன ஆளைத்தான் இணையத்தில் பிடித்தேன்.

படம் பகிரும் செயலி ஒன்றில் இருக்கும் கைவினைப் பொருள் விற்பனைப் பக்கம் அது. பெயர் சொல்லப் போவதில்லை. இந்நேரம் பெயரை மாற்றியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நான் நம்பியது எந்த இடத்தில் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் விழுவோம். முதலில் விலையே பேசவில்லை. தமிழ் எழுத்தைப் பற்றித்தான் கேட்டேன். சில வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறிப் பின்னால் போய்விடும், புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றேன். அடுத்த நிமிடமே பதில் வந்தது: "அக்கா, எழுத்தாக அனுப்பாதீர்கள், கோட்டு உருவமாக மாற்றிப் பிடிஎஃப் அனுப்புங்கள், நாங்கள் எதையும் தொடமாட்டோம்." தொழில் தெரிந்தவர் சொல்லும் பதில். லேசரில் செதுக்கும் ரப்பரில் புகை வாடை இரண்டு நாள் இருக்கும், சோப்பு நீரில் கழுவுங்கள் என்று கேட்காமலே சொன்னார். 'பொங்கலோ பொங்கல்' என்று பளிச்சென்று அச்சான ஓர் அட்டையின் படத்தையும் அனுப்பினார். "போன வருடம் எங்கள் பட்டறையில் செய்தது அக்கா. காசை விடுங்கள், உங்கள் பெயர் கெடக் கூடாது" என்றார். அந்த 'உங்கள் பெயர் கெடக் கூடாது' என்ற வாக்கியத்துக்குத்தான் 7,450 ரூபாய் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(அந்தப் படம் அவருடையதல்ல. கோவையில் அட்டை செய்யும் ஒரு பெண்ணுடையது. அவரிடமே கேட்டுவிட்டேன். அவருக்கு என்னைவிடக் கோபம்.)

கணக்கு இதுதான். டிஸ்ட்ரெஸ் ஆக்சைடு இங்க் பேட் 9, ஒன்று 400 வீதம் 3,600. பானை, கரும்பு, மாடு, கோலம் என்று கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலிமர் ஸ்டாம்ப் நான்கு செட், 2,200. என் கையெழுத்தில் ரப்பர் ஸ்டாம்ப் மூன்று, 1,500. கூரியர் 150. முழுப் பணமும் முன்பே வேண்டும், தனியாகச் செய்யும் ஸ்டாம்பை வேறு யாருக்கும் விற்க முடியாது அல்லவா என்றார். நியாயமாகத்தான் பட்டது. யூபிஐயில் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த பெயர் பக்கத்தின் பெயரல்ல, ஏதோ ஒரு தனிநபர். கேட்டதற்கு, "எங்கள் கணக்காளர் அக்கா" என்று பதில்.

பிறகு தொடங்கியது காத்திருப்பு. முதலில் மின்வெட்டு. அடுத்து லேசர் இயந்திரத்துக்குச் சர்வீஸ். அதற்கடுத்து கூரியர் எண் ஒன்று வந்தது, ஆனால் அந்த எண்ணில் பார்சலே ஏற்றப்படவில்லை. கேட்டால், "கஸ்டம்ஸில் நிற்கிறது அக்கா." சென்னையில் கையிருப்பு இருக்கிறது என்று சொன்ன சரக்குக்கு என்ன கஸ்டம்ஸ்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை, கைகூப்பிய பொம்மை ஒன்றுதான் வந்தது.

பார்சல் வந்தது வேறு மாநிலத்திலிருந்து. பிரித்தேன்.

இங்க் பேட் மூடியில் நிறப் பெயர் ஒட்டியிருந்தது, அச்சு மங்கல். நகத்தால் கீறினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். உள்ளே இருந்தது அலுவலகங்களில் முத்திரை குத்தும் சாதாரண ஸ்டாம்ப் பேட் மை, நிறம் மட்டும் வேறு. தடித்த 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளில் தேய்த்தவுடன் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டது. கலக்கவில்லை, நகரவில்லை, வரி வரியாகக் கறை. தண்ணீர் தெளித்தேன். வெளிறல் எங்கே? வெற்றிலை எச்சில் துப்பிய சுவர்போல ஒழுகியது. விடியல் வானமாம். மறுநாள் வரை கையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

பாலிமர் ஸ்டாம்ப் என்று வந்தவை சிலிகானில் அச்செடுத்த நகல்கள். மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது. புது ஸ்டாம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் சில சமயம் சரியாகும், அதையும் செய்து பார்த்தேன், பயனில்லை. மாட்டுக்குக் கொம்பே இல்லை, நகலெடுத்ததில் மெல்லிய கோடெல்லாம் போய்விட்டது.

தமிழ் ஸ்டாம்புகளைப் பார்த்தபோதுதான் வாய்விட்டுத் திட்டினேன். ஒன்றில் 'பொ'வின் கொம்பு ப-வுக்குப் பின்னால் நிற்கிறது, பக்கத்தில் புள்ளி வட்டம். எந்தக் கோளாறை நான் முதலிலேயே கேட்டேனோ அதே கோளாறு. என் கையெழுத்தும் இல்லை. நான் அனுப்பிய பிடிஎஃப்பைத் திறக்காமல் யாரோ தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாவதில் எழுத்தெல்லாம் சரி, ஆனால் இடம் வலம் மாற்றாமல் செதுக்கியிருக்கிறார்கள். ரப்பரைப் பார்த்தால் அழகாக வாசிக்கலாம், தாளில் குத்தினால் கண்ணாடி வைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஸ்டாம்ப் செய்பவனுக்கு இதுகூடத் தெரியாதா? மூன்றாவதில் ஆழம் போதாமல், எழுத்தைச் சுற்றியுள்ள ரப்பரும் மையைப் பிடித்து அழுக்குக் கட்டமாக அச்சாகிறது.

படங்கள் எடுத்து அனுப்பினேன். அந்த நொடியிலிருந்து நான் 'அக்கா' இல்லை, 'மேடம்'.

"பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா மேடம்?" எடுக்கவில்லை. "வீடியோ இல்லாமல் கிளெய்ம் இல்லை மேடம், எங்கள் பாலிசி." கொம்பு பின்னால் போன ரப்பரை நானே செதுக்கி வைத்துக்கொண்டு காசு கேட்கிறேனா? அடுத்து, "உங்கள் தாள் சரியில்லை, கிளாஸி தாளில் போடுங்கள்." அதிலும் போட்டேன், காயவே இல்லை. அடுத்து, "தமிழ் எழுத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல." முதல் நாள் பேசியதைப் படம் பிடித்து அனுப்பினேன். "அது பழைய ஸ்டாஃப் மேடம்." கடைசியாக ஒரு பெருந்தன்மை: அடுத்த ஆர்டரில் 10 சதவீதம் தள்ளுபடி. 7,450 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றேன். தடை.

செயலியில் புகார் கொடுத்தேன். அந்தப் பக்கம் எந்த விதியையும் மீறவில்லை என்று இயந்திரம் பதில் சொன்னது. பணம் அனுப்பிய செயலியோ, நீங்களே அனுமதித்த பரிவர்த்தனை என்று கையைக் கழுவியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 இருக்கிறது. குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. 'எங்கள் பாலிசி' அந்த விதிக்கு மேலே இல்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. போகத்தான் போகிறேன். ஆனால் நோட்டீஸ் அனுப்ப அவர்கள் முகவரி வேண்டுமே? பக்கத்தில் ஊர் பெயர்கூட இல்லை.

100 அட்டையும் விற்றால் எனக்கு வருவது 6,000. போனது 7,450. இனி ஸ்டாம்ப் செய்ய நேரமில்லை, வாழ்த்தை 100 அட்டையிலும் கையாலேயே எழுதப் போகிறேன்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது தாள் வெட்ட வேண்டும், ஆகவே சுருக்கமாக. முகவரியும் தொலைபேசி எண்ணும் இல்லாத பக்கத்தில் வாங்காதீர்கள். கடைப் பெயர் ஒன்று, பணம் போகும் பெயர் வேறு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மாதிரிப் படம் காட்டினால், உங்கள் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அதே ஸ்டாம்பின் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செதுக்குவதற்கு முன் இறுதி வடிவத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். மை வந்தால் முதல் வேலையாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், ஆக்சைடு என்று விற்ற மை வெளிறாவிட்டால் அது ஆக்சைடு இல்லை. வீடியோ எடுத்துக்கொண்டே பார்சலைப் பிரியுங்கள், எரிச்சலாக இருந்தாலும்.

பானை, கரும்பு, கோலம் படத்தோடு புதுப் பெயரில் ஒரு பக்கம் முளைத்து, எடுத்த எடுப்பில் கொம்பு, புள்ளி வட்டம் என்று தொழில்நுட்பம் பேசினால் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். பேச்சுப் படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.